ஐந்துக்கு ஜோடி மூன்று

நவம்பர் 6, செவ்வாய்

மழை. கரிசல் மண் செருப்பைப் பிடுங்கிக்கொண்டது. வெறுங்காலோடு வகுப்புக்கு. பாவாடை நாசம்.

கணக்கில் ஜோடி எண்கள். 2x + y = 7. பெஞ்சில் இடப்பக்கம் இருப்பவள் x சொல்ல வேண்டும், வலப்பக்கத்துக்காரி அதற்கு y. டீச்சர் வைத்த முறை. ஒன்றுக்கு ஐந்து, இரண்டுக்கு மூன்று, இப்படிப் போகும். என் வலப்பக்கம் காலி. ஜெயராணி போன மாதம் காமாலையில் செத்துப்போனாள்.

டீச்சர் மறதியாக என்னை எழுப்பிவிட்டார். "ஐந்து" என்றேன். பக்கத்தில் மெதுவாக, "மூணு."

அவள் குரலேதான். மைனஸ் மூன்று வர வேண்டும். ஜெயா எப்போதும் மைனஸை முழுங்கிவிடுவாள். வேறு யாருக்கும் கேட்கவில்லை.

நவம்பர் 7, புதன்

அப்பா கோவில்பட்டியிலிருந்து வாங்கி வர: மை, கிராப் தாள், ஊக்கு.

வீட்டில் சத்தமாகவே கேட்டுப் பார்த்தேன். "நாலு."

"ஒண்ணு."

இதற்கும் மைனஸ் இல்லை. சிரிப்பு வந்துவிட்டது. "ஏட்டி ஜெயா, மூதி, மைனஸ் எங்கட்டி?"

அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "யார்ட்டட்டி பேசுத?"

"கணக்கு போடுதேன்மா."

"செத்த பிள்ளை பேரச் சொல்லிக்கிட்டா? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயி திருநீறு போட்டுட்டு வருவோம். எல்லாம் ஓடிப்போயிரும்."

அதுதான் பயம். ஓடிப்போய்விட்டால்?

நவ. 9, வெள்ளி

பூசாரி நெற்றி கொள்ளாமல் அப்பினார். "பிள்ளை பயந்திருக்கு, சரியாயிரும்." வழியெல்லாம் வேர்வையைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டே வந்தேன். அம்மா பார்த்துவிட்டாள். முதுகில் ஒன்று.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை. "ஐந்து."

"மூணு."

அப்பாடா.

நவ. 12, திங்கள்

வெயில். சுள்ளென்று. வகுப்பில் புதுப் பெண், உமா, குளத்தூர்க்காரி. டீச்சர் அவளை என் பக்கத்தில் உட்காரச் சொன்னார். 'அங்கன ஆள் இருக்கு' என்று வாய்வரை வந்தது. எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

இன்று அதே கணக்குக்கு கிராப். என் முறை. "ஐந்து" என்றேன். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"மைனஸ் மூணு" என்றாள் உமா.

"கரெக்ட். ரெண்டு பேரும் உக்காருங்க."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். ஐந்து. பதில் இல்லை. நாலு. இல்லை. ஐந்து. ஐந்து.

வெளியே அம்மா அப்பாவிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "இப்ப நல்லாயிட்டா. கேளுங்க, எப்படிப் படிக்கான்னு."