சிவப்புச் சீப்பு

2025 நவம்பர் 10, திங்கள்
மாவு ஆட்டும்போது திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து போன். மங்காவுக்கு 24ஆம் தேதி அட்மிஷன். இதயத்திலுள்ள ஓட்டையை அடைக்க ஏழு மாதமாகக் காத்திருந்த தேதி. சந்தோஷப்படுவதா, அழுவதா? கிரைண்டரை நிறுத்தக்கூடத் தோணலை. சளி, காய்ச்சல் வரவே கூடாதாம். கூட்டத்துக்குக் கூட்டிப்போகக் கூடாதாம்.

நவம்பர் 13
பை கட்டியாச்சு. ரெண்டு போர்வை, ரிப்போர்ட் ஃபைல், முன்பக்கம் பட்டன் வைத்த கவுன் மூணு. மேலே மங்கா தன் சிவப்புச் சீப்பை வைத்தாள். "அங்கயும் ரெட்டை ஜடைதாம்மா." ஆறு வயசுக்கு இடுப்பு வரை முடி. பெருமாளுக்கு நேர்ந்துக்கினு வளர்த்தது.

நவம்பர் 16
நாத்தனார் பத்மாவதி வந்தாங்க. "மொட்டைய பாக்கி வச்சிக்கினா கொழந்தைய கத்திக்குக் குடுக்கப்போற?" கேட்டுட்டு பஸ் ஏறிட்டாங்க. 
ஸ்ரீசிட்டி கம்பெனியில் ஷிப்டில் இருந்த மங்கா அப்பாவுக்குப் போன் செய்தேன். "ஆபரேஷன் முடியட்டும். சாமி எங்க ஓடிடப்போவுது?" என்றார்.
ஓடாதுதான். ஆனா ஏதாச்சும் ஆயிட்டா?

நவம்பர் 18
அவரிடம் சொல்லாமல் திருமலை போய் வந்துட்டோம். தூறல், குளிர். மொட்டை முடிந்ததும் அவசரத்தில் வெந்நீர் தேடலை, பச்சைத் தண்ணியிலேயே குளிப்பாட்டினேன். ஈரத் தலையோடு மூணு மணி நேரம் வரிசை.
வீட்டுக்கு வந்து மங்காவே சீப்பைப் பையிலிருந்து எடுத்து வெளியே வைத்தாள். எனக்கு மனசு லேசாயிடுச்சு.

நவம்பர் 21
மங்கா இருமுறா.

நவம்பர் 24
டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். "ஜலுபு உந்தி கதம்மா." சளி புடிச்சிருக்காம். சளியோடு மயக்கம் கொடுக்க முடியாது, நாலு வாரம் கழிச்சு வாங்க. நர்ஸம்மா மொட்டையையே பார்த்தாங்க. பாழாப்போனவ நான்.
திரும்பி வர்ற பஸ்ஸில் அவர் புத்தலப்பட்டு தாண்டினதும், "சொன்னேனே, ஸ்ரீதேவி." அவ்வளவுதான். திட்டியிருந்தாகூடத் தேவலை.

டிசம்பர் 3
கதவைச் சாத்திக்கினு உள்ளேயே கெடக்கறோம். பத்மாவதி வந்தாங்க, ஜன்னல்லயே பேசி அனுப்பிட்டேன். மங்கா ஒரு தும்மல் போட்டா என் உயிர் போவுது. நாலு எட்டு ஓடினா அவ உதடு நீலமாவுது. இந்த நாலு வாரத்துல எதுனா ஆச்சுன்னா, அது என் கையால ஆனது. சாமியைத் திட்டவும் பயம், கும்பிடவும் பயம். யாருகிட்ட போய்ச் சொல்ல? அவரும் தினம் போனில் "இருமல் இருக்கா?" என்று மட்டும்தான் கேட்கிறார்.

டிசம்பர் 19
சளி இல்லை. மறுபடி பை கட்டினேன். இந்தத் தடவை எதுவும் நேர்ந்துக்கலை.

டிசம்பர் 24
எட்டு மணிக்கு ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனாங்க. இப்போ மணி ஒண்ணு. அவர் ஒரு பன்னை நீட்டி, "துன்னு" என்றார். இறங்கலை. அந்தக் கதவையே பார்த்துக்கினு இருக்கேன்.

டிசம்பர் 27
வார்டுக்கு வந்துட்டா. உதடு சிவப்பா இருக்கு! அரை இட்லி துன்னா. அப்புறம் தலையைத் தடவிப் பார்த்து, "சீப்பு எடுத்தாந்தியாம்மா?" என்றாள். அரை விரக்கடை முடிதான். நான் எடுத்தாரலையே.
அவர் உடனே செருப்பை மாட்டிக்கினு கீழே கடைக்குப் போனார். அவளுக்குச் சின்னதா ஒரு சிவப்புச் சீப்பு. கூடவே பெரிசா ஒண்ணு. நாலு நாளா வாராத என் தலையைப் பார்த்து, "ஒனக்குத்தான்" என்று என் மடியில் வைத்தார்.