ரிப்போர்ட்டில் சோப்புத்தூள் இல்லை

அன்புள்ள அப்பா,

நேற்று ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "சலவைக்கடை சோப்புத்தூள் சேரலப்பா, அதான் அரிப்பு" என்றேன். "இருபது வருஷம் பழகிட்டு இப்பவா கோவிச்சுக்குது?" என்று சிரித்தீர்கள். வீட்டில் காலேஜ் போனவள் நான் ஒருத்திதான், அதனால் நம்பிவிட்டீர்கள்.

ரிப்போர்ட்டில் பித்தநாளத்தில் அடைப்பு என்றுதான் இருக்கிறது. உடம்பெல்லாம் அரிப்பதும் சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுவதும் அதனால்தானாம். கல்லாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். உங்கள் முகத்தைப் பார்த்ததும் சோப்புத்தூள் என்று சொல்லிவிட்டேன்.

நாளைக் காலை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். நான் வாங்கித் தந்த களிம்பு இனி வேண்டாம்.

நீங்கள் எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கும்வரை கதவுக்கு வெளியில்தான் நிற்கிறேன். முடித்ததும் கூப்பிடுங்கள்.

உங்கள் மகள்