சாயம் போகாத குதிகால்

மார்ச் 3
கொதிகலன் பழுதுபட்டமையால் சாயப்பட்டறைக்கு இன்றும் விடுமுறை. என் கைகள் இவ்வளவு தூய்மையாக இருந்து நான் கண்டதில்லை. நகக்கண்ணில்கூட நீலம் எஞ்சவில்லை. வலது குதிகாலின் கருங்கறை மட்டும் விடாப்பிடியாக நிற்கிறது. கல்லில் தேய்த்தேன். தோல் எரிந்தது, கறை அசையவில்லை.

மார்ச் 5
"என்ன பண்டிதையம்மா, காலைத் தேய்ச்சே கரைச்சிடுவே போல!" என்றார் கணவர். பள்ளி செல்லாது, நூலகத்தில் அமர்ந்தே தமிழ் கற்றவள் என்பதால் எனக்கு அவர் சூட்டிய பட்டம் அது. பிறகு கைவிளக்கை அடித்துப் பார்த்தவர் சிரிக்கவில்லை. "பட்டறையில கருப்புச் சாயம் போட்டே பல மாசமாச்சுன்னு சொன்னியே. அப்ப இது ஏது?"


மார்ச் 6
வலியே இல்லாத ஒன்றிற்கு மருத்துவமனை எதற்கு?

மார்ச் 10
அவர் வென்றார், சென்றோம். மருத்துவர் இளம்பெண். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து நெடுநேரம் நோக்கினார். பயறளவு இருந்தது நாணயமளவு ஆனதையும், ஓரம் கோணியதையும் அவர் கேட்ட பின்னரே எண்ணிப் பார்த்தேன்.
"நம்ம நிறத்துக்குத் தோல் புற்றுநோய் வராதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்கம்மா. உள்ளங்கால்ல, நகத்துக்கு அடியிலகூட வரும். இனிமே தேய்க்காதீங்க."
சோதனைக்குச் சிறு துணுக்கு எடுத்தனர்.

மார்ச் 18
அதுவேதான். மெலனோமா என்னும் தோல் புற்றுநோயாம்.
காலை எடுத்துடுவாங்களோ? கேக்க வாய் வரல. சாயத்தொட்டி முன்னாடி நின்னே பொழைக்கிறவ நான் — ஒத்தக்காலோட எப்படி நிப்பேன்?
அவர்தான் கேட்டார். "கால் எங்கேயும் போகாதுங்க," என்றார் மருத்துவர். "ஆழமாப் போகல. சுத்தியிருக்கிற நல்ல தோலோட சேர்த்து வெட்டி எடுத்துட்டு, தொடைத்தோலை வெச்சு மூடிடுவோம். தொடையிடுக்குல நெறிகட்டற இடத்துக்குப் பரவியிருக்கான்னும் பாத்துடலாம்."

மார்ச் 27
அறுவை முடிந்தது. கால் இருக்கிறது. தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஏப்ரல் 9
வெட்டிய விளிம்பிலும் நோயில்லை, வேறெங்கும் பரவவுமில்லை. குறித்த காலந்தோறும் வந்து காட்ட வேண்டுமென்பது மருத்துவர் ஆணை. நன்றியுரை ஒன்றை மனத்துள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். "சரிங்கம்மா" என்பதற்கு மேல் வரவில்லை.

ஏப்ரல் 22
பட்டறைத் தோழியர் காண வந்தனர். ஒவ்வொருத்தியையும் உள்ளங்காலை நீட்டச் சொன்னேன்.
"அக்கா, கூசுது!"
"கூசட்டும். நீட்டுடி."
ஒருத்திக்குக் கட்டைவிரல் நகத்தடியில் கருங்கோடு. சாயம்தான் என்று சிரித்தாள். நாளை மருத்துவரிடம் போகுமாறு உத்தரவிட்டுள்ளேன்.

ஏப்ரல் 24
அவளுக்கு மச்சம்தானாம். என்னைத் திட்டிவிட்டு, மறுபடியும் சிரித்தாள்.

ஜூலை 2
ஊன்றுகோலின்றிக் கடைத்தெரு வரை சென்றோம். குதிகால் சற்றே இழுத்தது, பொருட்படுத்தவில்லை. பாதி வழியில் பின்னாலிருந்து அவர் குரல்: "ஏம்மா, கொஞ்சம் மெதுவாத்தான் போயேன்!"
நான் நிற்கவில்லை.