அரைப் பேர்

அலமாரியின் மேல்தட்டைச் சுத்தம் செய்யப்போன என் மகள் நம் சீட்டுகளும் நோட்டும் இருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்துவிட்டாள். அடுப்படியில் நின்ற எனக்கு மைதாப் பசையின் புளித்த வாடை வந்தது. இத்தனை வருடம் கழித்தும் ஒரு நொடி, கூடத்தில் நீதான் வந்து உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்துவிட்டேன். சந்தோஷம் வரவில்லை, முதுகு சில்லிட்டது. அதை உன்னிடம் ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

தேயிலை விலை விழுந்த காலம் அது. கீழ் கோத்தகிரியில் நீங்கள் வேலை பார்த்த எஸ்டேட் ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடி, பிறகு அதுவும் நின்றது. எங்கள் அப்பா கடையில் மல்யுத்த வீரர் படம் போட்ட சீட்டுகள் வாங்க ஆளில்லாமல் சரம் சரமாகத் தொங்கின. வேலையில்லாத நீயும் வியாபாரமில்லாத நானும் அவற்றின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, நமக்கென்று ஓர் ஆட்டத்தை உண்டாக்கினோம். படம் உன் பொறுப்பு, விதி என் பொறுப்பு. இருபது வயது தாண்டிய இரண்டு பெண்கள் சீட்டு ஒட்டுவதைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

"ஏனுங்க, ரெண்டு பேரும் புதுசா கம்பெனி தொறந்துட்டீங்களாட்ட இருக்குது?" என்று கடைக்கு வந்த ஒருவர் கேட்டார். நீ தலையைத் தூக்காமல், "ஆமாங்க, இதாவது ஓடுதான்னு பாக்குறோம்" என்றாய்.

காட்டெருமை, சிறுத்தை, கங்காணி, கவாத்துக் கத்தி. ஒரு சீட்டு தனியாக என்ன செய்யும் என்று எழுதுவது சுலபம். இரண்டு மோதும்போதுதான் தலைவலி. காட்டெருமை வந்தால் எல்லோரும் ஓட வேண்டும், கங்காணி நின்றால் ஒருவரும் நகரக் கூடாது. இரண்டும் ஒன்றாக வந்தால்? மூன்று நாள் சண்டை போட்டோம். "மிருகத்துக்குக் கங்காணியத் தெரியாது, ஓட வேண்டியதுதான்" என்று கடைசியில் நீ சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மூடுபனிச் சீட்டு, உங்கள் பேச்சில் மிஸ்டு, ஓர் ஆளை மறைக்கும். ஃபேக்டரிச் சங்குச் சீட்டுக்கு நான் எழுதியது இது: 'ஊதினால், வெளியே இருப்பவர்களில் பேர் உள்ளவர் எல்லாம் லயத்து வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.' மிருகங்களை விலக்கத்தான் அப்படி எழுதினேன். உங்கள் வீட்டிலோ பேர் என்றால் வேறு. இலங்கைத் தோட்டத்திலிருந்து உன் அம்மா கொண்டுவந்த சொல். முழுநாள் வேலை செய்தால் ஒரு பேர், மழை வந்து பாதியில் அனுப்பிவிட்டால் அரைப் பேர். நீ உன்னையே விறகுக் கட்டோடு ஒரு சீட்டில் வரைந்து, பேர் எழுதும் இடத்தில் 'அரைப் பேர்' என்று எழுதிவிட்டாய்.

ஆட்டத்தில் அந்தச் சீட்டின் மேல் மூடுபனிச் சீட்டு விழுந்தது. நான் சங்கை ஊதினேன்.

"திரும்பி வாடி."

"அரைப் பேருக்கு முழு ஆளு எப்படி வரும்? பாதிதான் வரும்."

"எந்தப் பாதி?"

"அத மிஸ்டுதான் சொல்லணும்."

சிரித்துக்கொண்டே அதையும் விதியாக எழுதினேன். அரைப் பேர் பாதி திரும்பும்.

அடுத்த வாரம் நீ விறகுக்குப் போனாய். மத்தியானமே மேகம் இறங்கி, வாசலில் நின்ற சில்வர் ஓக் மரம்கூட மறைந்துவிட்டது. நீ வரவில்லை. யாரோ போய், ஓடாத ஃபேக்டரியின் சங்கை ஊதினார்கள். நான் உன் பேரைக் கூப்பிட வாயெடுத்தேன். உன் அம்மா என் வாயைப் பொத்தினார். "மிஸ்டுக்குள்ள முழுப் பேரச் சொல்லாத புள்ள. அது கேட்டு வச்சிக்கும். பாதியச் சொல்லு."

பாதியைச் சொன்னேன். தொண்டை கிழியப் பாதியை மட்டுமே சொன்னேன்.

மேகம் விலகியபோது உங்கள் லயத்து வாசலில் விறகுக் கட்டு சாய்ந்து நின்றது. முடிச்சு உன் முடிச்சு. ஈர மண்ணில் ஒரு காலடிகூட இல்லை. மூன்று நாள் தேடினார்கள். ஓடையில் சறுக்கியிருப்பாய், கட்டை வேறு யாராவது கொண்டுவந்து வைத்திருப்பார்கள் என்றார்கள். அதை வைத்ததாக இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை. நோட்டில் இருந்த 'அரைப் பேர் பாதி திரும்பும்' என்ற வரியை நானும் யாருக்கும் காட்டவில்லை.

இன்று என் மகள் அதைப் படித்துவிட்டாள். உன் சீட்டை ஒரு கையிலும் பேனாவை மறு கையிலும் வைத்துக்கொண்டு, "அம்மா, இது ஈஸிம்மா. இவங்க முழுப் பேர எழுதிட்டா, சங்கு ஊதுனதும் முழுசா வந்துருவாங்கல்ல? பேரென்ன?" என்றாள்.

அவள் சொன்னது சரி. எத்தனையோ வருடம் அந்த விதியில் ஓட்டை தேடியவள் நான், எனக்கு இது தோன்றவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கியிருந்தது. உன் பேரில் பாதி என் வாயிலிருந்து வந்தும்விட்டது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து, குரைக்காமல், வாலை இடுக்கிக்கொண்டு பின்பக்கமாகவே நகர்ந்து உள்ளே வந்தது.

பேனாவைப் பிடுங்கி, "வேண்டாம்" என்று கத்திவிட்டேன்.

உனக்காக எத்தனை நாள் அழுதேன் என்று உன் அம்மாவுக்குத் தெரியும். நீ வந்தால் போதும் என்று வேண்டாத கோயில் இல்லை. கூப்பிட வழி கிடைத்த அன்று, வேண்டாம் என்றவளும் நான்தான். உன்னைக் கண்டே பயந்துவிட்டேன், மன்னித்துவிடு. உன் பேரின் மீதிப் பாதி இன்னும் என் வாயிலேயே இருக்கிறது. சொல்லவும் பயம், விழுங்கவும் மனமில்லை.