தெரியாத நம்பர் வந்தால் எடுங்கள்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உங்கள் மனைவி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் அட்டையைத் திரும்பவும் டப்பாவிலேயே வைத்துவிடாதீர்கள். இருக்கிறது என்று நம்பி அப்புறம் ராத்திரியில் கடை தேடி அலைவீர்கள். என் தையல் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு வந்தேன். அதன் மேல் செய்தித்தாளை அடுக்க வேண்டாம்.

போன் இருக்கிற காலத்தில் இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நேற்று மத்தியானம் உங்களுக்கு ஒரு வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்திருக்கும். வெட்டினீர்கள். மறுபடி வந்தது, மறுபடியும் வெட்டினீர்கள். அடுத்த தடவை மணியே அடிக்கவில்லை. தடை போட்டுவிட்டீர்கள். அந்த மோசடிப் பேர்வழி நான்தான். கட்டின பெண்டாட்டியையே தடைப்பட்டியலில் போட்ட முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

உங்களைக் குறை சொல்லவில்லை. பேங்க் கவுன்ட்டரில் உட்கார்ந்து எத்தனையோ பேர் போனில் ஏமாந்துவிட்டு வந்து அழுததைப் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் குடியிருப்போர் கூட்டத்தில் மைக் பிடித்து, "தெரியாத நம்பரை எடுக்காதீங்க, வெளிநாட்டு நம்பர்னா தொடவே தொடாதீங்க" என்று பாடம் எடுக்கிறவர். மெசேஜ் வந்தால் பிரிக்காமலே அழிப்பவர். ஸ்மார்ட் போன் என்பது திருடனுக்கு நாமே கொடுக்கும் சாவி என்று சொல்லி, எனக்கும் பட்டன் போன்தான் வாங்கித் தந்தீர்கள். அந்தப் பட்டன் போன்தான் இப்போது உதவிக்கு வந்திருக்கிறது. அதனால் கோபமில்லாமலே எழுதுகிறேன். கோபம் வேறிடத்தில் இருக்கிறது.

நம் பெண்ணைப் பார்க்க வந்து இறங்கின அன்றைக்கு, விமான நிலையத்திலேயே, வெளியே வரும் வழியில், சிம் கார்டு விற்கும் கவுன்ட்டர் வரிசையாக இருந்தது. என்னோடு இறங்கினவர்கள் பாதிப்பேர் அங்கே நின்றார்கள். நானும் ஒன்று வாங்கலாமே என்றேன். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "எதுக்கு அத்தை? அதான் என் போன் இருக்கே" என்றார். அக்கறை என்று நினைத்தேன். பார்க்கிங்கில் காரில் ஏறும்போது என் பாஸ்போர்ட்டையும் கேட்டு வாங்கி, "தொலைஞ்சா பெரிய தலைவலி, நான் பத்திரமா வச்சிருக்கேன்" என்றார். அதுவும் அக்கறை என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் கூடத்து மேஜையின் இரும்பு இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் கார் சாவியோடு சேர்ந்தே தொங்குகிறது. திறந்த அந்த நொடியில் உள்ளே இன்னொரு பாஸ்போர்ட்டையும் பார்த்தேன். கீழே விழுந்து உடைந்துவிட்டது, ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறது என்று போன வருஷத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, நம் பெண்ணின் போன், அதுவும் அங்கேதான் கிடந்தது.

நாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவோமே, அது எப்படி நடக்கிறது என்று இங்கே வந்துதான் பார்த்தேன். அவர் போனை மேஜை நடுவில் வைத்து ஸ்பீக்கரில் போடுகிறார். அவள் நாற்காலி நுனியில் உட்காருகிறாள். "நல்லா இருக்கேம்பா, நல்லா இருக்கேம்பா" என்கிறாள். நீங்கள் உடனே, "மாப்பிள்ளை எப்படி இருக்கார், அவர்கிட்ட குடு" என்கிறீர்கள். அதோடு அவள் முறை முடிந்தது. மாப்பிள்ளையோடு அரை மணி நேரம் வட்டி விகிதம் பேசுகிறீர்கள். அவ்வளவு நேரமும் அவள் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் கல்யாணத்துக்கு நான் தைத்துக் கொடுத்த உடைகளில் ஒன்றைப் போட்டிருந்தாள். தோள் இறங்கிவிட்டது, இடுப்பில் துணி மடிந்து கிடக்கிறது. உடம்பை அளவெடுத்துப் பழகின கை இது. "நல்லா இருக்கேன்" என்று வாய் சொல்லலாம், தையல் சொல்லாது. நான் ஊசியும் நூலும் எடுத்துப் பிடித்துத் தைக்க உட்கார்ந்தேன். அவள் எனக்கு ஊசி கோத்துக் கொடுத்தாள். மாப்பிள்ளை வேலைக்குப் போகும்போது இணையத்தையும் அணைத்துவிட்டுப் போகிறார், மின்சாரம் மிச்சமாம்.

கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவாகத் துணி துவைக்கும் அறை இருக்கிறது. அங்கேதான் மாடி வீட்டு நர்ஸைப் பார்த்தேன், நம் ஊர்ப் பக்கத்துப் பெண். ஈரத் துணியை எடுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் என்னைத் தயங்கித் தயங்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் போனையே எடுக்க மாட்டாரா?" என்று கேட்டாள். என்ன என்று விசாரித்தேன். நம் பெண் இந்த நர்ஸின் போனிலிருந்து உங்களை அழைத்திருக்கிறாள். ஒரு தடவை இல்லை. கடைசியில் மணியே போகவில்லையாம்.

உங்களுக்கு நினைவிருக்கும். நான் இங்கே கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள், பள்ளிச் சீருடைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் போனைத் தூக்கிக்கொண்டு வந்து, "வெளிநாட்டு நம்பர். திருட்டுப் பசங்க விடாம அடிக்கிறானுங்க, தடை போட்டுட்டேன்" என்று பெருமையாகச் சொன்னீர்கள். நல்ல காரியம் பண்ணினீர்கள் என்று நானும் சொன்னேன்.

அன்றைக்கு அந்தத் துணி துவைக்கும் அறையில் முடிவு செய்தேன். இவளுக்கென்று ஒரு சிம், இவள் கைக்குள் ஒரு போன். அதை வாங்காமல் ஓய்வதில்லை.

ஆனால் இங்கே பாஸ்போர்ட் இல்லாமல் யாரும் சிம் தர மாட்டார்கள். பாஸ்போர்ட்டோ இழுப்பறையில். தனியாகக் கேட்டால், "அதான் என் போன் இருக்கே" என்பார். அதனால் சபையில் கேட்டேன். சனிக்கிழமை அவருடைய மேலதிகாரி மனைவியோடு சாப்பிட வந்திருந்தார். நம் மொழிக்காரர்கள்தான். பரிமாறிக்கொண்டே, "மாப்பிள்ளை, நாளைக்கு நானும் இவளும் போய் ஒரு சிம் வாங்கிட்டு வந்துடறோம். என் பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்து வச்சிடுங்க" என்றேன். மேலதிகாரி மனைவி, "அய்யோ, இன்னுமா வாங்கல? ஏர்போர்ட்லயே வாங்கியிருக்கலாமே!" என்று ஆரம்பித்து, எந்தக் கம்பெனி நல்லது என்று கணவனோடு சண்டையே போட்டாள். மாப்பிள்ளை அவருடைய வழக்கமான வசனத்தை எடுத்தார். "உங்க போன் உங்களோட ஆபீசுக்குப் போயிடுதே மாப்பிள்ளை" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்க வேண்டியதாயிற்று. சாவி வெளியே வந்தது.

கடை இரண்டு தெரு தள்ளி, ஒரு மருந்துக்கடையின் பாதியில் இருக்கிறது. அந்தக் கடைக்காரிக்கு அவசரமோ அவசரம். பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், என்னைப் போட்டோ எடுத்தாள், விரல் ரேகை எடுத்தாள். எல்லாருக்கும் செய்கிற பழக்கத்தில், சிம்மை நகத்தளவுக்கு உடைத்து நீட்டினாள். நம் பட்டன் போனுக்குப் பெரிய சிம் வேண்டும். அதைக் காட்டினதும் சிரித்துவிட்டாள். இந்த மாதிரிப் போனை யாரும் கொண்டு வருவதில்லை, வேறு வாங்குங்கள் என்கிறாளாம். நம் பெண் மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு, "போயிடலாம்மா" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை. உடைத்துப் போட்ட சட்டத்தைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். அதிலேயே சிம்மைத் திரும்ப வைத்து, பின்னால் டேப் ஒட்டி, என் சின்னக் கத்திரியால் ஓரம் வெட்டிப் போனில் செருகினேன். காலர் வெட்டுகிற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. கடைக்காரி கை தட்டினாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முதல் அழைப்பு உங்களுக்குத்தான். நீங்கள் வெட்டிய கதையைத்தான் மேலே எழுதியிருக்கிறேனே. மூன்றாம் தடவை நான் போனைக் காதிலிருந்து எடுத்து, "உங்கப்பா என்னையும் சேர்த்துத் தடை போட்டுட்டார்டி" என்றேன். அவள் சிரித்தாள். நான் வந்த பிறகு முதல் முறையாக, வாய்விட்டு. சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுதுவிட்டாள். அப்புறம் எல்லாம் சொன்னாள். அதை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் படித்துவிட்டு, பேசித் தீர்க்கலாம், விட்டுப் பிடிக்கலாம் என்று ஆரம்பிப்பீர்கள். அவள் வாயால் கேளுங்கள்.

பக்கத்து வீட்டுக்கு அழைத்து உங்களைக் கூப்பிடச் சொல்லியிருக்கலாம். ஊருக்கே ஒலிபரப்பு ஆகிவிடும். அதனால்தான் இந்தக் கடிதம். இதைக் கொண்டுவந்து உங்கள் முன் நிற்பவள்தான் மாடி வீட்டு நர்ஸ், விடுமுறைக்கு வருகிறாள். உங்கள் போனை அவளிடம் கொடுங்கள். தடையை எடுத்துவிட்டுத்தான் உட்காருவாள், அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவளுக்குக் குடிக்க ஏதாவது கொடுங்கள்.

ஒரு விஷயம் கவனமாகக் கேளுங்கள். இது பயணிகளுக்குக் கொடுக்கும் சிம். என் விசா முடிகிற நாளோடு இந்த எண்ணும் செத்துவிடும். அதற்குள் நம் பெண்ணின் பாஸ்போர்ட்டும் வெளியே வர வேண்டும். மாப்பிள்ளையிடம் கேட்டுவிட்டேன். "பார்க்கலாம் அத்தை" என்றார். பார்க்கத்தான் போகிறோம். அவர் தரவில்லையென்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று நர்ஸ் சொல்லித் தந்திருக்கிறாள். நம் நாட்டுத் தூதரகத்தின் எண்ணைப் போனில் ஏற்றி வைத்திருக்கிறேன். போன் என் தையல் பெட்டியில், பாபின்களுக்கு அடியில் சத்தமில்லாமல் இருக்கிறது. எனக்குத் திரும்பும் டிக்கெட் இருக்கிறது. இன்னொன்று எடுக்க வேண்டுமா என்பதை அவள்தான் உங்களிடம் கேட்பாள். அப்பா வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயப்படுகிறாள். நான் என்ன சொல்லியும் அந்தப் பயம் போகவில்லை. அது உங்கள் குரலுக்குத்தான் போகும்.

நர்ஸ் உங்களைப் பார்த்துவிட்டதாக எனக்குச் சொன்னதும், மறுநாள் காலை மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பிய பிறகு நம் பெண் அழைப்பாள். எடுங்கள். எடுத்ததும் மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்காதீர்கள். நீ எப்படிம்மா இருக்கே என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும் வரைக்கும் பேசாமல் இருங்கள்.

அவள் ஏன் என்னை அழைக்காமல் உங்களை அழைத்தாள் தெரியுமா? போனை வாங்கி வைத்துக்கொண்டால் அதிலிருக்கும் எண்களும் போய்விடும். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு எண்தான். முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய அன்றைக்கு, தொலைந்து போனால் யாரிடமாவது இந்த நம்பரைச் சொல்லு, அப்பா ஓடி வந்துடுவேன் என்று நீங்கள் பாட்டுப் போலச் சொல்லிக் கொடுத்தது. அவள் இன்னும் மறக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காக அவளோடு சேர்ந்து காத்திருக்கும்
உங்கள் மனைவி