கரை நெடுக அதே முடிச்சு

காமாட்சியம்மன் துணை

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
14-11-1968

என் அண்ணன் மகனாகப் பிறந்து எனக்கும் மகனாக வளர்ந்த சிரஞ்சீவி ஏகாம்பரத்துக்குச் சித்தப்பா வேலாயுதம் எழுதுவது. இங்கே உன் அம்மா, சித்தி வள்ளி, நான் மூவரும் உடம்பளவில் குறையில்லாமல் இருக்கிறோம், பிலாய் இரும்பாலையில் வேலை பார்க்கும் உன்னையும் அம்மன் அப்படியே வைத்திருக்க வேண்டும். தையில் உன் கல்யாணம், பத்திரிகையில் உன் அப்பா பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போடுவதா வேண்டாமா என்று அச்சாபீஸிலும் கேட்கிறார்கள், பெண் வீட்டாரும் கேட்கிறார்கள். கடலில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வருகிறேன் என்று மகாபலிபுரம் பஸ் ஏறிய மனுஷன் நான்கு வருஷமாய்த் திரும்பவில்லை என்றால் யார்தான் கேட்க மாட்டார்கள். அதனால் நானே நேரில் பார்த்து முடிவு கட்டுவது என்று தனி ஆளாகக் கிளம்பினேன். நம் தெருவில் இதுவரை ஒருவனும் இப்படிக் கடற்கரை நெடுகத் தனியாய்ச் சுற்றியதில்லை, வேண்டுமானால் விசாரித்துப்பார்.

மகாபலிபுரத்தில் அலை நம் கோயில் கோபுரம் உயரத்துக்கு எழும்பியது, வெள்ளைக்காரர்களே ஓடினார்கள், நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன். அங்கே மணலில் ஒருவர் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தறியில் இழை அறுந்தால் ஒரு முனையை வளைத்து மறுமுனையைப் பின்னால் சுற்றி நுழைத்து இழுப்போமே, அதே முடிச்சு. நெசவாளி கை படாமல் இது இங்கே எப்படி வரும், அண்ணன் வந்திருக்கிறார், வயிற்றுப்பாட்டுக்கு வலை பின்னியிருக்கிறார், இவர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்று தீர்மானித்தேன். காஞ்சிபுரத்துக்காரர் யாராவது வந்தாரா என்று கேட்டேன். தினம் பஸ்ஸுல வந்துக்கினுதான் இருக்காங்க, யாரைன்னு சொல்றதுபா என்றார். பாண்டிச்சேரியில் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரரிடம் பிரெஞ்சிலேயே வழி கேட்டேன், மனுஷன் அசந்துபோய் சல்யூட் வைத்தார். அங்கே குப்பத்திலும் அதே முடிச்சு. கடலூர் துறைமுகத்தில் அதே முடிச்சு, பரங்கிப்பேட்டையிலும் அதே. ஊருக்கு ஊர் அண்ணன் எனக்கு ஒரு நடை முன்னால் போய்க்கொண்டிருக்கிறார் என்று சோறு கூடத் தின்னாமல் அடுத்தடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். நாகப்பட்டினத்துக் கரையில் மீன் கூடையோடு வந்த ஒரு அம்மாளிடம், கடலில் குளிக்க வந்து திரும்பாத என் அண்ணனைத் தேடுகிறேன், இந்த முடிச்சைச் சொல்லிக் கொடுத்த அவர் எங்கே இருக்கிறார் என்றே கேட்டுவிட்டேன். அவள் கூடையை இறக்கி வைத்துச் சிரித்தாள். ஏன்யா, எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துலேருந்து வலைக்கு இந்த முடிச்சுதான், இல்லாட்டி மீன் நிக்குமா, உங்க அண்ணன் வந்துதான் எங்களுக்குச் சொல்லித் தரணுமாக்கும் என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, குளிக்கப் போனவருன்னா கடல்ல கேளுய்யா, கரையில கேக்காத என்று சொல்லிக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். வேதாரண்யம், ராமேஸ்வரம் என்று போட்டிருந்த திட்டத்தை விட்டுவிட்டு அங்கிருந்தே ரயிலேறிவிட்டேன்.

தெருவில் எல்லோருக்கும் நான் கப்பல் ஏறியது, சுறாவைக் கட்டி இழுத்தது எல்லாம் சொல்லியிருக்கிறேன், நீ வந்தால் அவர்களே சொல்வார்கள். அண்ணியிடம் மட்டும் ஒன்றும் சேர்க்காமல் சொன்னேன். ராட்டை சுற்றிக்கொண்டே கேட்டார், கை நிற்கவில்லை. பிறகு, அவர் பேருக்கு முன்னால ஒண்ணும் போடாதீங்க தம்பி, பேரு வெறும் பேராவே இருக்கட்டும், ஆனா மணவறையில நான் வந்து நிக்க மாட்டேன், நீங்களும் வள்ளியும் நில்லுங்க என்றார். வள்ளி அழுதுகொண்டே ஏன்கா இப்படி என்று சண்டைக்குப் போனாள். அதற்கு, அவர் இருக்காருன்னு நீங்க காயிதத்துல அச்சடிக்கலாம், பூ வச்சிக்கினு நாலு பேர் எதிர்ல நின்னு அதை நான் சொல்ல முடியாது என்றார்.

பத்திரிகையை அவர் சொன்னபடியே அடிக்கக் கொடுத்துவிட்டேன். அம்மாவை வற்புறுத்தி எதுவும் எழுதாதே, இன்னும் அப்பாவைத் தேடலாம் என்றும் எழுதாதே. போகிக்கு முன்பே வந்து சேர், ரயிலில் கண்டதை வாங்கித் தின்னாதே, அங்கே குளிர் என்கிறார்கள், காதை மூடிக்கொள். நீயும் வரப்போகிற பெண்ணும் மனம் ஒத்து நீண்ட காலம் வாழ வேண்டும் என்று சித்தியும் நானும் மனதார வாழ்த்துகிறோம். கல்யாணத் துணியோடு அப்பாவுக்கும் ஒரு வேட்டி எடுக்கவா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். எடுக்க வேண்டாம்பா.

உன் நன்மையே நாடும் சித்தப்பா,
க. வேலாயுதம்