மருந்து மூடி அளவு

ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

இன்னமும் இப்படி எழுதலாமா, தெரியவில்லை. கோர்ட்டில் முடிந்தது உங்களுக்கும் அண்ணனுக்கும்தான். நாத்தனாருக்கு யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை.

நீங்கள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறை முகவரிக்கு அனுப்புகிறேன். அது ஒன்றுதான் தெரியும்.

நீங்கள் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் பிரெட் வாசனைதான் என்னை எழுப்பும். இப்போது நானாக எழுந்திருக்கிறேன். போன வாரம் முயன்று பார்த்தேன். கல். "கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்டி" என்றாள் அம்மா.

ஈஸ்ட் எவ்வளவு போட வேண்டும்? பதிலை நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு அனுப்புங்கள். வீட்டுக்கு வந்தால் அம்மா பிரித்துவிடுவாள்.

உங்கள்
வாலு


ஜூன் 12

வாலுக்குட்டி,

கவர் மேல் உன் கோணல் எழுத்து. கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். வெளியே ஒருவர் உடைந்த மணிக்கட்டோடு காத்திருந்தார். பாவம்.

எவ்வளவு என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை. கரண்டியால் நான் அளந்ததே இல்லை. சமையலறை ஜன்னலில் இருமல் மருந்து பாட்டிலின் மூடி ஒன்று இருக்கும். ரோஸ் நிறம். இரண்டு டம்ளர் மைதாவுக்கு அதில் கீழ்க்கோடு வரை ஈஸ்ட். சர்க்கரை போட்ட வெந்நீரில் கரைத்து வை. நுரைத்தால் உயிர் இருக்கிறது. நுரைக்காவிட்டால் மாவை வீணாக்காதே.

உன் அண்ணனைப் பற்றி மட்டும் எழுதாதே.

அன்புடன்
அண்ணி


ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

மூடி இல்லை. உங்கள் சாமான்களை ஒழித்தபோது அம்மா அதையும் வீசிவிட்டாள். "ஒரு பழைய மூடிக்கு இவ்ளோ துக்கமா?" என்கிறாள்.

வெந்நீர் என்றீர்கள். கொதிக்க வைத்து ஊற்றினேன். நுரைக்கவே இல்லை. அடுத்த முறை பயத்தில் பெரிய கரண்டி நிறையக் குவித்துப் போட்டேன். மாவு பாத்திரத்தை விட்டு வழிந்தது. சுட்டதும் நடுவில் உட்கார்ந்துவிட்டது. வீடெல்லாம் புளித்த நெடி. "இது வீடா, சாராயக் கடையா?" என்று கேட்டுக்கொண்டே அம்மா ஒரு துண்டு தின்றாள்.

என் பரீட்சை நாட்கள் ஞாபகம் வந்தன. மாவுக் கிண்ணத்தை உங்கள் சால்வையால் மூடி என் மேசையில் வைப்பீர்கள். "ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கங்க." நான் தூங்கிப் போவேன். மாவு தூங்காது.

வாலு


ஜூலை 5

வாலு,

சாராயக் கடையைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வேலை பார்த்தேன். மூச்சைப் பிடித்து நின்ற பெரியவர் "விடலாமாம்மா?" என்று கேட்ட பிறகுதான் நினைவு வந்தது.

கொதிநீர் ஈஸ்டைக் கொன்றுவிடும். குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு போதும். அதே மாதிரி மருந்து ஒன்று வாங்கி, மூடியை அளந்து பார்த்தேன். கீழ்க்கோடு என்பது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். அவ்வளவுதான். இத்தனை வருடம் அதை ஏதோ கைப்பக்குவம் என்று நினைத்திருந்தேன்.

அதிகம் போட்டால் அவசரமாகப் பொங்கி அமுங்கிவிடும். கொஞ்சமாகப் போடு. காத்திரு. உப்பை ஈஸ்ட் தலையிலேயே கொட்டாதே.

அண்ணி


ஜூலை 19

அன்புள்ள அண்ணிக்கு,

வந்துவிட்டது. அதே வாசனை. அடுப்பு முன்னால் கண்ணை மூடி நின்றேன். பின்னால் நீங்கள் நிற்பது போலவே இருந்தது. திரும்பவில்லை.

எழுதாதே என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை. அண்ணன் மறுபடி கல்யாணம் செய்துகொண்டான். பதிவு அலுவலகத்தில், சுருக்கமாக. புதிதாக வந்தவர் அதிகம் பேசாதவர். பாத்திரம் கழுவும்போதுகூடச் சத்தம் வராது. "அண்ணின்னு கூப்பிட்டா வாய் தேஞ்சா போகும்?" என்கிறாள் அம்மா. வாய் வரவில்லை. "இந்தாங்க", "இங்க பாருங்க" என்றே ஓட்டுகிறேன். அவருக்கும் புரிகிறது. முகம் வாடுகிறது.

கூப்பிட்டால் உங்களை நானும் அனுப்பிவிட்டது போல ஆகாதா?

வாலு


ஜூலை 28

வாலு,

உன்மேல் கோபம் இல்லை.

அந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் எங்கே நிற்பது என்று தெரியாமல் சமையலறை வாசலில் நின்றேன். முன்பல் விழுந்த ஒரு வாண்டு வந்து "அண்ணி, பசிக்குது" என்றது. அதற்குப் பிறகுதான் உள்ளே போனேன்.

அவரும் இப்போது எங்கோ வாசலில்தான் நிற்கிறார். கூப்பிடு.

எனக்கு வேறு பெயர் வைத்துக்கொள். ஆனால் எழுது. உன் விஷயம் மட்டும்.

அன்புடன்


ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பிரெட்டை வெட்டி வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. தன்னைத்தான் என்று தெரியவில்லை.

இன்னொரு தடவை கூப்பிட்டேன், கொஞ்சம் சத்தமாக.

கையிலிருந்த துணியைக்கூடக் கீழே வைக்காமல் வந்தார்.

வாலு